சொந்தக் கட்டடத்துக்கு வாடகை

எனக்கு முன்கோபம் உண்டு. கணக்கில் நான் செய்த தப்பை வேறு யாராவது கண்டுபிடித்துவிட்டால் அது மூக்கு நுனிக்கே வந்துவிடும். கம்பெனிகளுக்கு விலை மதிப்பிட்டுச் சொல்வதுதான் இப்போது என் பிழைப்பு. தப்பைக் காட்டினால் இப்போதெல்லாம் கத்துவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுகிறேன். இந்த அளவுக்கு என்னைத் திருத்தியது என்னோடு எம்.பி.ஏ. படித்த ஒரு பெண். திருத்துகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

எங்கள் கல்லூரி புதுச்சேரிக்கு வடக்கே, பிள்ளைச்சாவடியைத் தாண்டி இருந்தது. எங்கள் ஊர் தெற்கே, தவளக்குப்பத்திலிருந்து உள்ளே போக வேண்டும். காலையில் தவளக்குப்பம் வந்து ஒரு பஸ், டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ்ஸில்தான் அவளும் ஏறுவாள். டவுனில் தலைமுறையாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அவள் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. முதல் வருஷம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் வகுப்பில் முதல் மார்க். அவள் எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டாள், ஆனால் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் வருஷம் அட்வான்ஸ்டு கார்ப்பரேட் ஃபைனான்ஸ் என்று ஒரு பேப்பர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். ஒரு தொழிலுக்குப் பணத்தை எங்கிருந்து திரட்டலாம், எதில் போடலாம், போட்டால் என்ன மிஞ்சும், கடைசியில் அந்தத் தொழிலுக்கு என்ன விலை சொல்லலாம், விஷயம் இவ்வளவுதான். நடத்திய மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். லேப்டாப்பைத் திறக்க விடமாட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் "யாரு யாருக்குக் குடுக்குறாங்க?" என்று கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் அந்த எண்ணை அடித்துவிடுவார். எக்ஸெல்லில் சூத்திரம் போடுவதே அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்ததற்கு இதுதான் காரணம்.

ஒருநாள் மூலதனத்தின் விலை பற்றிப் பாடம். கடன் வாங்கினால் வட்டி கட்டுகிறோம், அது கடனின் விலை. முதலாளி போடும் சொந்தப் பணத்துக்கும் ஒரு விலை உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் மேடம். அவள் எழுந்தாள்.

"எங்க வீட்ல வட்டிக்கு வாங்கவும் மாட்டாங்க, குடுக்கவும் மாட்டாங்க மேடம். கடை முழுக்கச் சொந்தப் பணம். சொந்தப் பணத்துக்கு ஏது வெலன்னு எங்க வாப்பா கேக்குறாரு. அவருக்கு நான் இன்னா சொல்றது?"

வகுப்பு சிரித்தது. நான் சும்மா இருப்பேனா? அதே அளவு ஆபத்துள்ள வேறு வியாபாரத்தில் அந்தப் பணத்தைப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் விலை. கைக்குக் கை மாறவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது என்று எழுந்து நின்று முழங்கினேன். மேடம் தலையசைத்தார். அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, "நீ சொன்னத வாப்பாகிட்ட சொன்னேம்பா. எனக்கு வேற வியாபாரம் தெரியாதேன்றாரு" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பேப்பருக்குப் பாதி மார்க் ஒரு ப்ராஜெக்டுக்கு. இருவர் இருவராகச் சேர்ந்து உண்மையான ஒரு தொழிலை எடுத்து விலை மதிப்பிட வேண்டும். மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தத் தொழிலை மதிப்பிடுகிறோமோ அதன் முதலாளியை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்து, அவர் முகத்தைப் பார்த்து விலையைச் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனி என்றால் ஒரு மேனேஜராவது வர வேண்டும். "பேப்பர்ல யார் வேணா யாருக்கு வேணா வெல சொல்லலாம். ஆளு எதிர்ல இருக்கும்போது சொல்லிப் பாருங்க" என்பார்.

எனக்கு ஜோடியாக அவளைப் போட்டார்கள். சேதராப்பட்டில் ஒரு பெரிய தொழிற்சாலையை எடுக்கலாம், ஆண்டறிக்கை அச்சிலேயே கிடைக்கும் என்று நான் திட்டம் வைத்திருந்தேன். அவளோ, "எங்க கடைய எடுக்கலாம்பா" என்றாள். ஆணி விற்கிற கடைக்கு அட்வான்ஸ்டு ஃபைனான்ஸா என்று எகிறினேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் அண்ணன் பிரான்சில் குடும்பத்தோடு தங்கிவிட்டான். வாப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது. கடையை மூடிவிட்டுக் கட்டடத்தை வாடகைக்கு விடலாம் என்று அண்ணன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கோ கடையைத் தானே நடத்த ஆசை. கல்யாணம் செய்துகொண்டாலும் நடத்துவேன் என்று வீட்டில் சொல்லியும்விட்டாள். வாப்பா யோசித்து ஒரு முடிவு சொல்லியிருந்தார்: "ஒன் படிப்பு சொல்லட்டும். கடை நிக்கும்னு கணக்கு சொன்னா சாவிய ஒங்கிட்ட குடுத்துர்றேன். நிக்காதுன்னா ரமலான் முடிஞ்சதும் மூடிடலாம்."

"அப்ப இது உனக்கு ப்ராஜெக்டே இல்ல" என்றேன்.

"ப்ராஜெக்ட்தான்பா. மார்க்கும் வேணும், கடையும் வேணும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி, டவுனின் தெற்குப் பக்கம். சனிக்கிழமை என்பதால் தெரு முழுக்க வெளியூர்க் கார்கள். உயரமான கதவு, தேக்கு உத்திரம், இரண்டு ஆள் உயரத்துக்குக் கூரை. உள்ளே ஆணி, கீல், தாழ்ப்பாள், நைலான் கயிறு, பெயிண்ட் டப்பா. அவள் தாத்தா காலத்தில் வாங்கிய கட்டடம். நாற்பது வருஷமாகக் கடையைப் பார்த்துக்கொள்வது வாப்பா. வெள்ளைச் சட்டை, தொப்பி, காதில் எப்போதும் ஒரு பென்சில். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி. முதல் மார்க்குன்னு சொன்னாளே, நீங்கதானா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நாற்பது நோட்டுகள். ஜகாத் கணக்கு. வருஷத்துக்கு ஒருமுறை கையிலிருக்கும் சரக்கையும் ரொக்கத்தையும் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுப்பது அவர்கள் மார்க்கக் கடமை. அவர் அதை நோன்பு மாதத்தில் செய்வார். கடையைப் பாதி நாள் அடைத்து, ஆணியைக்கூட எடைபோட்டு எழுதுவார். வர வேண்டியது, தர வேண்டியது, அந்த வருஷம் வீட்டுக்கு எடுத்தது, மிஞ்சியது, எல்லாம் பென்சிலில் சின்னச் சின்ன எழுத்தில். ஆண்டவனுக்குக் காட்டுகிற கணக்கில் யாராவது ஏமாற்றுவார்களா? நான் அதுவரை படித்த எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையும் அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை. அந்த நோட்டுகளைப் பார்த்ததும் சேதராப்பட்டுத் தொழிற்சாலையை மறந்தே போனேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து எக்ஸெல்லில் ஏற்றினேன். அவள் படித்துச் சொல்வாள், நான் தட்டுவேன். நானே வியக்கும்படி ஒரு காரியமும் செய்தேன். வாப்பாவுக்கு மாதச் சம்பளம் போட்டு அதைச் செலவில் கழித்தேன். முதலாளி தன் உழைப்புக்குச் சம்பளம் எழுதாமல் விட்டால் லாபம் பொய்யாக உப்பிவிடும் அல்லவா? இதைக் கேட்டு வாப்பா கல்லாவில் கை தட்டிச் சிரித்தார். "எனக்குச் சம்பளமா? யாரு குடுக்குறது, நானேவா? லீவு எடுத்தா புடிப்பீங்களா தம்பி?" என்றார். சொந்தப் பணத்துக்கும் நியாயமான விலை போட்டேன். இத்தனையும் கழித்தபின்னும் கடை மிச்சம் காட்டியது. பெரிய எண் இல்லை, ஆனால் கடை நிற்கும்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. கேன்டீனில் எனக்கு இரண்டு முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் ஒன்றும் சாப்பிடாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடமும் வரிவரியாக யாரு யாருக்குக் குடுக்குறாங்க என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. "நல்ல வேலை" என்று கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை வாப்பா முன்னால் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

புதன்கிழமை காலை பஸ்ஸில் அவள் எங்கள் ஷீட்டின் பிரதியையே புரட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைச்சாவடி வந்த பிறகுதான் பேசினாள்.

"நேத்து கடைக்கு ஒரு ஆளு வந்தாம்பா. பெங்களூராம். கஃபே வைக்கணுமாம், கட்டடம் வாடகைக்குக் கெடைக்குமான்னு கேட்டான். வாரத்துக்கு ஒருத்தன் இப்பிடி வருவான். வாப்பா எப்பவும் போல, ஆணி வேணும்னா தரேன், காபி எதுத்தாப்புல கெடைக்கும்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"சரி, அதுக்கென்ன?"

"போவும்போது அவன் ஒரு தொகை சொன்னான். மாச வாடகை. கடை மாசம் சம்பாதிக்கறத விட அது அதிகம். நம்ம ஷீட்ல வாடகை எங்கப்பா இருக்குது?"

"சொந்தக் கட்டடத்துக்கு எதுக்கு வாடகை?" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் காது சூடானது. சொந்தப் பணத்துக்கு விலை உண்டு என்று வகுப்பில் முழங்கிய அதே வாய்தான் இதையும் சொன்னது. அந்தக் கட்டடத்தில் கடை இருப்பதால் வராமல் போகும் வாடகை, கடையின் செலவு. முதல் வாரப் பாடம் இது. வாப்பாவின் சம்பளத்தை நினைத்த நான், அவர் தலைக்கு மேலிருந்த உத்திரத்தை நினைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் வாடகை கொடுத்ததில்லை. அப்பா சொந்த நிலத்தில் நெல் விளைத்தார், சொந்த வீட்டில் கொட்டி வைத்தார், எதற்கும் குத்தகை என்று ஒரு செலவை எழுதியதில்லை. வாடகை என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்காத சொல்.

"நோட்டுலயும் இல்ல. சரக்குக்கும் ரொக்கத்துக்கும்தான் ஜகாத். நாம வச்சி பொழங்குற கட்டடத்துக்குக் கெடையாது. அதனால வாப்பா அத எழுதவே இல்ல. அவரு கணக்கு சரிதான். நாமதான் ஜகாத் நோட்ட கம்பெனிக் கணக்குன்னு நெனச்சி அப்பிடியே எடுத்துட்டோம்" என்றாள் அவள்.

நூலகத்தில் உட்கார்ந்து வாடகையைச் சேர்த்தோம். ஒரே ஒரு வரிதான். கடைசிக் கட்டத்திலிருந்த எண் சிவப்பாக மாறியது. கடை தன் சுவர்களின் வாடகையைக்கூடச் சம்பாதிக்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அவள் மேல் காட்டினேன். "மேடமே கண்டுபிடிக்கல. கையெழுத்தும் போட்டாச்சி. வெள்ளிக்கிழமை பழைய ஷீட்டயே காட்டலாம். உனக்குக் கடை கெடைக்கும், எனக்கு மார்க் கெடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கத்தினேன். நூலகர் எட்டிப் பார்த்தார்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "பொய் சொல்லி வாங்குன கடைய தெனமும் காலையில எப்பிடிப்பா தொறக்கறது?"

"ஒங்க வாப்பா முன்னாடி வரிசையில ஒக்காந்திருப்பாரு. நாப்பது வருஷக் கடை மைனஸ்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லப் போறியா? வீட்ல போயி தனியா சொல்லிக்கோ."

"அவருக்குத் தெரியாம அவரு கடைக்கு வெல போடல. தெரியாம மாத்தவும் மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு அவளை விட்டுவிட்டு முந்தைய பஸ்ஸில் வீட்டுக்குப் போனதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை அவள் கல்லூரிக்கு வரவில்லை. வீட்டில் அழுதுகொண்டிருப்பாள், மனம் மாறி வெள்ளிக்கிழமை பழைய ஷீட்டுக்கே வருவாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ் ஸ்டாண்டில் வாப்பாவும் அவளும் நின்றிருந்தார்கள். வாப்பா இஸ்திரி போட்ட சட்டையில், அத்தர் மணக்க, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் போல இருந்தார். வழியெல்லாம் சாலையோரக் கட்டடங்களைக் காட்டி, இந்த வீட்டுக் கதவுக்குக் கீல் நான் கொடுத்தது, இந்தக் கேட்டுக்குப் பெயிண்ட் நான் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளைச்சாவடியில் படகுகளைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் கயிறு மொத்தம் நம்மதுதான் தம்பி" என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் எழுந்து வணக்கம் சொல்லி அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார். முதல் பாதியை நான் சொன்னேன். எப்படி மதிப்பிட்டோம், நோட்டுகள் எவ்வளவு சுத்தம், சம்பளத்தை ஏன் கழித்தோம். வாப்பா வகுப்பைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அவள் வந்தாள்.

முதலில் பழைய எண்ணைக் காட்டினாள். "இது நாங்க ரெண்டு பேரும் போட்டது. இது தப்பு" என்றாள். ஷீட்டை முழுக்கப் போட்டவன் நான். அவள் ரெண்டு பேரும் என்று சொன்னாள். வாடகை வரியைச் சேர்த்தாள், சிவப்பு எண் பெரிதாகத் திரையில் வந்தது. எதற்காக அது சிவப்பு என்று அவருக்குப் புரிகிற தமிழில், அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். கடை மூடினால் கட்டடம் இவ்வளவு சம்பாதிக்கும், திறந்திருந்தால் கடை இவ்வளவுதான் சம்பாதிக்கிறது என்றாள்.

வாப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கேட்டார்.

"அப்ப நாப்பது வருஷமா நம்ம வீட்டுக்கு கடை சோறு போடல. கட்டடம்தான் போட்டுச்சா?"

இதற்குத்தான் பயந்தேன், இப்போது அவள் என்ன சொல்வாள் என்று மேடத்தைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பில் இன்னொரு ஷீட்டைத் திறந்தாள். நான் அதுவரை பார்க்காத ஷீட்.

நாற்பது வரிகள். ஒவ்வொரு வருஷமும் நோட்டிலிருந்து கடையின் சம்பாத்தியம் ஒரு பக்கம். அந்த வருஷம் கடை இருக்கும் தெருவில் அவ்வளவு இடத்துக்கு என்ன வாடகை என்பது மறுபக்கம். வியாழக்கிழமை முழுக்க அவள் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார்ந்து, பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் பழைய வாடகைப் பதிவேடுகளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். பள்ளிவாசல் வாடகை குறைவாக இருக்கும் என்று, தெருவில் வெகுகாலமாக வாடகைக்கு இருக்கும் தையல்காரரிடமும் கண்ணாடிக் கடைக்காரரிடமும் கேட்டு ஏற்றிப் போட்டிருக்கிறாள். கடை வென்ற வருஷங்கள் பச்சை, கட்டடம் வென்ற வருஷங்கள் சிவப்பு. மேலிருந்து கீழே பச்சை பச்சையாக வந்து, அடியில் மட்டும் சிவப்பு இருந்தது.

"முப்பத்தோரு வருஷம் கடைதான் போட்டுச்சு வாப்பா. நீங்கதான் போட்டீங்க. டூரிஸ்ட் கூட்டம் வந்து தெருவுல வாடகை ஏறுச்சு பாருங்க, அந்தக் கடைசி ஒம்போது வருஷம்தான் கட்டடம் போட்டுச்சு."

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். "புயல் அடிச்ச வருஷம் எது?" என்றார். அவள் காட்டினாள்.

"அது பச்சையா?"

"இருக்கறதுலயே பெரிய பச்சை அதான்."

"அந்த வருஷம் கேட்டவங்களுக்கெல்லாம் கயிறும் தகரமும் கடனாக் குடுத்தேன். பாதிதான் திரும்பி வந்துச்சு."

"பாதி வந்தும் பச்சை வாப்பா" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

இதற்குப் பிறகு அவள் இன்னும் கொஞ்சம் பேசினாள். சமீப நோட்டுகளில் பாதிக்கு மேல் விற்பனை சேதராப்பட்டுத் தொழிற்சாலைகளின் மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு. சனி ஞாயிறு கூட்டத்தில் அவர்களால் டவுனுக்குள் வண்டியைக் கொண்டுவரவே முடிவதில்லை. அங்கேயே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தால், அந்த வாடகையைக் கொடுத்த பின்னும் சின்னதாக ஒரு பச்சை எண் வருகிறது, முதல் இரண்டு வருஷம் கையைக் கடிக்கும் என்றாள். மேடம் எழுந்து, "இந்த வாடகைய நான் கேட்டிருக்கணும். யாரு யாருக்குக் குடுக்குறாங்கன்னு மட்டும் கேட்டேன். யாரும் யாருக்கும் குடுக்காதத கேக்கலை" என்று வகுப்பு முன்னால் சொல்லி, அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்படித் தன் தப்பை ஒத்துக்கொள்ளும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் எழுந்து, வாடகையை விட்டது நான்தான், மறைக்கச் சொன்னதும் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு பஸ்ஸில் அவளிடம் மட்டும் சொன்னேன். "தெரியும்பா" என்றாள்.

மார்க் என்ன வந்தது என்று இப்போது எனக்கு நினைவில்லை. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ குடும்பத் தொழில்களுக்கு விலை போட்டிருக்கிறேன், கட்டடம் யாருடையது என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆனால் இரண்டாவதாக ஒரு ஷீட் போட எனக்கு இன்னும் தோன்றுவதில்லை. ஒருவருடைய கடை தோற்றுவிட்டது என்று சொல்ல எனக்குத் தெரியும். எந்த வருஷம் வரை அவர் வென்றுகொண்டிருந்தார் என்று ஒரு நாள் முழுக்க அலைந்து கண்டுபிடித்து, அதையும் சேர்த்துச் சொல்ல அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவள் என்னைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஆள் என்று அன்றைக்கு வகுப்பில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது, கோபமே வரவில்லை.

அன்றைக்கு வகுப்பு முடிந்து மூவரும் கேன்டீனில் உட்கார்ந்தோம். வாப்பா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். அவள் தன் டம்ளரைத் தொடவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒம்போது வருஷம் சும்மா ஒக்காந்திருந்தேன்னு சொல்லிட்டா பாத்தீங்களா தம்பி."

நான் என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆனா முப்பத்தோரு வருஷம் நான் சம்பாதிச்சேன்னு இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. எனக்கே தெரியாது."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "டவுன் கட்டடத்த விட்ரலாம். அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன். சேதராப்பட்டு ஷெட்டுக்கு மொதல் நான் போடுறேன். ஆனா சொந்தப் பணம் சும்மா வராதுன்னு நீதானே வந்து சொன்ன? சொல்லு, என் பணத்துக்கு இன்னா வெல போடுவ?"

அவள் அவரையே பார்த்தாள். "லாபத்துல நாலுல ஒரு பங்கு வாப்பா."

"மூணுல ஒண்ணு."

"வேற வியாபாரம்தான் ஒங்களுக்குத் தெரியாதே" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

"அதான் இந்த வியாபாரத்துல போடுறேன். மூணுல ஒண்ணு. வட்டி கெடையாது. நஷ்டம் வந்தா பணம் என்னுது போவும், ஒழப்பு ஒன்னுது போவும். சரியா?"

சரி என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து கடைச் சாவிக் கொத்தை எடுத்து, டீ டம்ளருக்குப் பக்கத்தில் அவள் முன்னால் வைத்தார்.